ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

ராமானுஜன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும் எண் 1729. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அது. டாக்சி, மருத்துவமனை, ஹார்டி என்று ஒரு கதையும் கூடவே வருவதால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். ராமானுஜனின் உழைப்பு முழுவதும் இறங்கிய எண்கள் வேறு. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீளும் அவருடைய கட்டுரை ஒன்று வெளிவந்தது. தனக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றியது அது. அவற்றை மிகு பகு எண்கள் என்று அழைக்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட அத்தகைய எண்களை அவர் அதில் வரிசையாக அடுக்கியிருந்தார். அந்த வரிசையில் கடைசியாக நிற்பது 67,46,32,83,88,800. சொல்லால் எழுதினால், 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. 1729க்கு இருக்கும் காரணிகள் 8. இதற்கு 10,080.

இந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு வாதத்தை முன்வைக்கிறேன். பெரிய முழு எண் ஒன்றின் குணங்கள் அது எந்தெந்தப் பகா எண்களால், எந்தெந்த அடுக்குகளில் கட்டப்பட்டிருக்கிறது என்பதிலேயே அடங்கியிருக்கின்றன. எவ்வளவு பெரியது என்பதும் இலக்கங்கள் எப்படி வரிசைப்பட்டிருக்கின்றன என்பதும் அதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். கட்டுமானம் தெரிந்துவிட்டால் அந்த எண் தன்னைப் பற்றி மட்டுமல்லாமல் மற்ற எண்களைப் பற்றியும் சாட்சி சொல்லத் தொடங்குகிறது. ராமானுஜன் தம் பட்டியலில் விட்டுவிட்ட ஓர் எண்ணைக்கூட அதே பட்டியலின் கடைசி எண்ணைக் கொண்டு மீட்டுவிட முடியும்.

முதலில் இலக்கங்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். கடைசியில் இரண்டு பூச்சியங்கள் இருப்பதால் எண் 100ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 63 வருகிறது. எனவே 9ஆல் வகுபடும். பள்ளியில் படித்த வகுபடும் விதிகள் ஏறக்குறைய இத்துடன் நின்றுவிடும். 81ஆல் வகுபடுமா, 23ஆல் வகுபடுமா என்பதெல்லாம் பார்த்த பார்வையில் தெரியாது. இதே எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதினால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என்று ஆகிறது. இந்த ஒற்றை வரியில் எல்லாம் இருக்கிறது. இந்த எண்ணின் எந்தக் காரணியும் இதே பகா எண்களைக் கொண்டுதான் அமைய வேண்டும். 2ஐ எடுக்காமலே விடலாம், ஒன்று முதல் ஆறு தடவை வரையும் எடுக்கலாம்: ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. 11 முதல் 23 வரையிலான ஐந்து பகா எண்களுக்கும் எடுப்பது, விடுவது என்று இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 = 315; அதை 32ஆல் பெருக்கினால் 10,080. ஒரு காரணியைக்கூடத் தேடிப் பிடிக்காமலேயே மொத்தம் எத்தனை என்று சொல்லிவிட்டோம்.

10,080 என்பது எவ்வளவு அதிகம் என்பதை அக்கம்பக்கத்து எண்களோடு ஒப்பிட்டால்தான் உணர முடியும். ஓர் எண்ணுக்குச் சராசரியாக எத்தனை காரணிகள் இருக்கும் என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே டிரிஷ்லே விடை கண்டார்: ஏறத்தாழ அந்த எண்ணின் இயல் மடக்கை அளவுக்கு. நம் எண்ணின் மடக்கை 29.54. ஆகவே இந்த வட்டாரத்து எண்களுக்குச் சராசரியாக 30 காரணிகள்தான். அடுத்த வீட்டு எண்ணின் நிலை இன்னும் நெருக்கடியானது. அடுத்தடுத்த இரு எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆகவே 67,46,32,83,88,801ஐ 2 முதல் 23 வரையிலான ஒன்பது பகா எண்களில் எதுவும் வகுக்காது. அதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் குறைந்தது 29 ஆக இருக்க வேண்டும். 29ஐ ஒன்பது தடவை பெருக்கினாலே அந்த எண்ணைத் தாண்டிவிடுகிறது. எனவே அதற்கு எட்டுக்கு மேல் பகாக் காரணிகள் இருக்க முடியாது. மொத்தக் காரணிகளும் 256ஐத் தாண்டாது. இதற்காக அந்த எண்ணை நாம் பகுத்துப் பார்க்கவே இல்லை. ஓர் எண்ணின் செழிப்பு அண்டை எண்ணின் செழிப்புக்கு உச்சவரம்பு போட்டுவிடுகிறது.

இனி முக்கியமான கேள்வி. அடுக்குகள் ஏன் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே வருகின்றன? குறிப்பிட்ட தொகையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் குடும்பத்தின் கணக்கு போன்றது இது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. விலை என்பது அந்த எண்ணேதான். புதிய பகா எண் ஒன்றைச் சேர்த்தால் காரணிகள் இரட்டிப்பாகும். ஏற்கெனவே இருப்பதை இன்னொரு தடவை சேர்த்தால் அவ்வளவு கூடாது, ஆனால் விலை மலிவு. 2க்கும் 3க்கும் அடுக்குகளை இடம் மாற்றி 2⁴ × 3⁶ என்று வைத்தால் காரணிகளின் எண்ணிக்கை மாறாது. எண்ணோ இரண்டேகால் மடங்கு பெரிதாகிவிடும். ஆகவே அடுக்குகள் ஏறவே கூடாது. 23ஐ நீக்கிவிட்டு அதைவிட மலிவான 16ஐ, அதாவது நான்கு கூடுதல் இரண்டுகளைச் சேர்த்தால்? காரணிகள் 7,920 ஆகக் குறைந்துவிடுகின்றன. எதிர்த்திசையில் போய் ஒரு 5ஐயும் ஒரு 7ஐயும் கழற்றிவிட்டு, அந்த 35க்குப் பதிலாக 29ஐ வாங்கினால்? எண் சிறிதாகிறது, காரணிகளும் 8,960 ஆகச் சரிகின்றன. ஒரு 2, ஒரு 3, ஒரு 5 ஆகியவற்றைக் கொடுத்து 29 வாங்கினால் 9,216. எந்தப் பண்டமாற்றும் கட்டுப்படியாகவில்லை. இப்படி ஒன்றிரண்டு பரிசோதனைகளோடு நில்லாமல், எந்த மாற்றம் எவ்வளவு லாபம், எவ்வளவு நட்டம் என்பதைச் சமனிலிகளாக எழுதி, எல்லா மிகு பகு எண்களுக்கும் பொதுவான வடிவத்தை ராமானுஜன் வரையறுத்தார். பகா எண்கள் 2இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். அடுக்குகள் ஏறக் கூடாது. 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும். சமனிலிகளைக் கையாள்வதில் அவருக்கிருந்த அசாத்தியத் திறமைக்குக் கணிதவியலாளர் ஹார்டி இந்தக் கட்டுரையையே சான்றாகக் காட்டினார்.

இந்த இடத்தில் இன்றைய வாசகருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. கணினி இருக்கும்போது இந்த வடிவம், தேற்றம் எல்லாம் எதற்கு? 1இலிருந்து ஒவ்வோர் எண்ணாகக் காரணிகளை எண்ணிக்கொண்டே போனால் போதாதா? நொடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சோதிக்கும் ஒரு நிரல் நம் எண்ணை எட்ட 78 நாள் ஆகும். அதை நூறு மடங்கு விரைவாக்கினால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் என்று வாதிடலாம், உண்மைதான். ஆனால் எண்ணோடு இன்னும் பத்து இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கணினியும் மூச்சுவாங்கும். இன்று நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட மிகு பகு எண்கள் நமக்குத் தெரியும் என்றால், எண்களைச் சுமந்து திரியாமல் அடுக்குகளின் வரிசையைச் சுமந்து திரியும் நிரல்களே அதற்குக் காரணம். இறங்கு வரிசை என்ற நிபந்தனை கோடானுகோடி எண்களை ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறது. கணினியும் கடைசியில் ராமானுஜன் போட்ட பாதையில்தான் நடக்கிறது.

தேற்றம் ஏன் பட்டியலைவிட உயர்ந்தது என்பதற்கு அதே கட்டுரையில் இன்னும் கூர்மையான சான்று இருக்கிறது. பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. பிற்காலத்தவர் அதைக் கண்டுபிடித்துக் குறித்தனர். அதன் பகாக் காரணி வடிவத்தை எழுதிப் பாருங்கள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. பட்டியலின் கடைசி எண்ணேதான் இது, 23 மட்டும் இல்லை. அதாவது 67,46,32,83,88,800ஐ 23ஆல் வகுத்தால் விடுபட்ட எண் அப்படியே கிடைக்கிறது. இதன் காரணிகள் 315 × 16 = 5,040. பெரிய எண் மிகு பகு எண் என்பதை ஒப்புக்கொண்டால் சிறிய எண்ணும் அப்படித்தான் என்று காட்ட முடியுமா? முடியும், படிப்படியாகச் சொல்கிறேன்.

விடுபட்ட எண்ணைவிடச் சிறிய ஏதோ ஓர் எண்ணுக்கு 5,040 அல்லது அதற்கு மேல் காரணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தகைய எண்களில் மிகச் சிறியதை எடுப்போம். அது 23ஆல் வகுபடவில்லை என்றால், அதை 23ஆல் பெருக்கலாம். காரணிகள் இரட்டிப்பாகிக் குறைந்தது 10,080 ஆகும். ஆனால் பெருக்கிய பிறகும் அது பட்டியலின் கடைசி எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். தனக்கு முந்தைய எதற்கும் 10,080 காரணிகள் கிடையாது என்பதுதானே கடைசி எண்ணின் இலக்கணம்? எனவே இந்த வழி அடைபட்டது. அது 23ஆல் வகுபடுகிறது என்றால்? 5,040 காரணிகளை எட்டும் மிகச் சிறிய எண் என்பதால் அதுவும் ஒரு மிகு பகு எண். ராமானுஜன் தேற்றப்படி அதில் பகா எண்கள் இடைவெளியின்றி வர வேண்டும். ஆகவே 2 முதல் 23 வரை ஒன்பதும் அதில் இருந்தாக வேண்டும். அந்த ஒன்பதின் பெருக்கம் 22,30,92,870. அதற்கு 512 காரணிகள். நாம் தேடும் எண் இதன் மடங்கு. விடுபட்ட எண்ணுக்குள் அடங்க வேண்டுமானால் 1,314 மடங்குக்கு மேல் போக முடியாது. இந்த எல்லைக்குள் மிகச் சிறந்த தேர்வு 1,080 மடங்கு. அது தரும் எண் 2,40,94,02,99,600. அதன் காரணிகள் 4,800. 1,440 மடங்குக்குப் போனால் 5,376 காரணிகள் கிடைக்கின்றன, ஆனால் அந்த எண் 3,21,25,37,32,800, எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டு வழிகளும் அடைபட்டதால் விடுபட்ட எண்ணுக்கு முன்னால் அதற்கு நிகரான எதுவும் இல்லை. அது மிகு பகு எண்ணேதான்.

இதில் என்னைக் கவர்வது, ராமானுஜனின் பிழையைத் திருத்த வெளியிலிருந்து எதுவுமே தேவைப்படவில்லை என்பது. அவருடைய பட்டியலின் கடைசி எண், அவருடைய தேற்றம், ஒரு காகிதத்தில் முடியும் சிறு கணக்கு ஆகியவை போதும். கையால் போட்ட நீண்ட பட்டியலில் ஒரு வரி விடுபட்டதால் அந்தக் கட்டுரையின் எந்தத் தேற்றமும் ஆட்டம் காணவில்லை. பட்டியல் தேற்றத்தைச் சார்ந்து நிற்கிறது. தேற்றம் பட்டியலைச் சார்ந்து நிற்கவில்லை.

5,040, 10,080 என்ற எண்கள் இப்படி வந்து நிற்பதைப் பார்த்துச் சிலர் வேறு திசையில் போகக்கூடும். 5,040 என்பது 1 முதல் 7 வரையிலான எண்களின் பெருக்கம். அதுவும் ஒரு மிகு பகு எண், 60 காரணிகள் கொண்டது. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் ஓர் இலட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்றார்; 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடுவதால் பங்கு பிரிக்க வசதி என்பது அவர் சொன்ன காரணம். 10,080 என்பதோ ஒரு வாரத்தின் நிமிடங்கள். இதில் ஏதோ மறைபொருள் இருப்பதாக எண்ணத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. காரணிகளின் எண்ணிக்கை என்பது அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குவது. மிகு பகு எண்களில் அடுக்குகள் சிறியவை, 1 என்ற அடுக்கு பல தடவை வருகிறது. ஆகவே பெருக்கலில் இரண்டுகளும் மூன்றுகளும் குவிகின்றன. நாளையும் மணியையும் பிரித்த பழங்காலத்தவரும் பங்கிட எளிதான எண்களையே நாடினார்கள். இரண்டும் ஒரே வட்டாரத்தில் வந்து சேர்வதில் வியப்பில்லை. வியப்பைக் கணக்கால் கரைத்துவிட்ட பிறகும் மிஞ்சுவதுதான் எண்ணின் உண்மையான பண்பு.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. எல்லாப் பெரிய எண்களும் இப்படிக் கட்டுமானத்தை வெளியே காட்டுவதில்லை. 2ஐ 67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 21 இலக்க எண் பகா எண் அல்ல என்று 1876இல் லூக்கா நிறுவினார். ஆனால் அதன் காரணிகளை அவரால் சொல்ல முடியவில்லை. 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டும்வரை அது மூடிய பெட்டியாகவே கிடந்தது. இன்றைய வங்கிப் பரிவர்த்தனைகளைக் காக்கும் குறியாக்க முறைகள் பல, பெரிய எண்களைப் பகுப்பதில் உள்ள இந்தக் கடினத்தையே நம்பியிருக்கின்றன. அப்படியானால் கட்டுமானமே எல்லாம் என்று சொல்வதில் என்ன பயன், அது பெரும்பாலும் கைக்கு எட்டாதபோது? கைக்கு எட்டாததும் இல்லாததும் ஒன்றல்ல என்பதே என் விடை. கோல் பிரித்துக் காட்டுவதற்கு முன்னும் அந்த எண்ணின் குணங்களைத் தீர்மானித்தவை அந்த இரண்டு பகா எண்கள்தாம். கட்டுமானத்துக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பதால்தான் அதை மறைப்பது ஒரு பூட்டாகப் பயன்படுகிறது.

மிகு பகு எண்கள் கணிதத்தின் ஒதுக்குப்புறம் என்ற கருத்தும் உண்டு. ஆய்வின் முதன்மைப் போக்கிலிருந்து விலகி நிற்கும் களம் இது என்ற எண்ணம் ஹார்டிக்கே இருந்தது. இந்த ஆய்வுக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்கு ஆராய்ச்சி வழியிலான பி.ஏ. பட்டம் அளித்தது. ஆயினும் கட்டுரை முழுவதுமாக வெளிவரவில்லை. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணத் தட்டுப்பாடு. பிற்பகுதி கையெழுத்துப் படியாகவே தங்கிவிட்டது. அதில்தான் காரணிகளின் எண்ணிக்கையிலிருந்து காரணிகளின் கூட்டுத்தொகைக்கு அவர் நகர்ந்திருந்தார். அது தெரியாமலே 1944இல் அலாவ்லுவும் பால் எர்டோஷும் அந்தப் பாதையில் ஒரு பகுதியை மறுபடியும் வெட்டினார்கள். ராமானுஜனின் பிற்பகுதி ழான்-லூயி நிக்கோலா, கி ரொபான் ஆகியோரின் குறிப்புகளுடன் 1997இல்தான் ‘ராமானுஜன் ஜர்னல்’ முதல் தொகுதியில் அச்சேறியது.

அதற்குள் ரொபான் 1984இல் ஒன்றை நிறுவியிருந்தார். ஓர் எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டி அந்த எண்ணாலேயே வகுங்கள். கிடைக்கும் மடங்கு, அந்த எண்ணின் மடக்கைக்கு மறுபடி மடக்கை எடுத்து அதை 1.781... என்ற மாறிலியால் பெருக்கினால் வரும் எல்லையைவிடக் குறைவாக இருக்குமா? 5,040க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் குறைவாகவே இருக்கும் என்பதும், பகா எண்களின் பரவலைப் பற்றி 1859இல் ரீமன் முன்வைத்து இன்னும் நிரூபிக்கப்படாத கருதுகோளும் ஒன்றேதான் என்று அவர் காட்டினார். ஒன்று மெய்யானால் மற்றதும் மெய். ஒன்று பொய்த்தால் மற்றதும் பொய். பிளேட்டோவின் 5,040க்குக் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344. அது 3.838 மடங்கு, எல்லை 3.817. எல்லையைத் தாண்டியவற்றில் நமக்குத் தெரிந்த கடைசி எண் அது. ஒதுக்குப்புறம் என்று கருதப்பட்ட பாதை கணிதத்தின் ஆகப் பெரிய விடைதெரியாக் கேள்வியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணை இந்த அளவுகோலில் நிறுத்தினால் அதன் மடங்கு 5.842 வருகிறது, எல்லை 6.030. நூற்றுக்கு 97 பங்கு நெருங்குகிறது, தாண்டவில்லை. ரீமன் கருதுகோளுக்கு இந்த ஓர் எண் சான்றாகிவிடாது. எத்தனை கோடி எண்கள் சேர்ந்தாலும் ஆகாது. ஆனால் கருதுகோள் பொய்யாக இருந்தால், 5,040ஐத் தாண்டி எல்லையை மீறும் முதல் எண் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். 2009இல் அக்பரியும் ஃப்ரிக்ஸ்டாடும் அதை நிறுவினார்கள்: காரணிகளின் கூட்டுத்தொகையைத் தன்னால் வகுத்துக் கிடைக்கும் மடங்கில் முந்தைய எல்லாவற்றையும் விஞ்சும் எண்ணாக அது இருந்தாக வேண்டும். அத்தகைய எண்களின் வடிவத்தை அலாவ்லுவும் எர்டோஷும் ஏற்கெனவே வகுத்திருந்தார்கள். பகா எண்கள் 2இல் தொடங்கி இடைவெளியில்லாமல் தொடரும், அடுக்குகள் ஏறாது, 4, 36 நீங்கலாகக் கடைசி அடுக்கு 1.